டர்பன் துறைமுகம் யாரும் வெட்டிய குளம் இல்லை: கழிமுகம் என்பதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாண வீடோ கோவில் பந்தியோ, நம் தமிழ் ஆட்கள் கூடிய இடத்தில் ஹார்பரைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்கள் தவறாமல் காதில் விழும். அது வெள்ளைக்காரன் வெட்டிய துறைமுகம் என்பார் ஒருவர். அதெல்லாம் இல்லை, கடல் கொஞ்சம் உள்ளே வந்து நிற்கிறது, அவ்வளவுதான் என்பார் இன்னொருவர். பெரிய மழைக்கு மறுநாள் தண்ணீர் முழுக்க பிளாஸ்டிக் மிதக்கிற படத்தைக் காட்டி, எல்லாம் கப்பல்காரர்கள் செய்கிற அநியாயம் என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதும் சரியில்லை.

வெறும் பந்திப் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் 2022 ஏப்ரலில் இந்தப் பகுதியில் நானூறு பேருக்கு மேல் செத்துப்போன வெள்ளத்துக்குப் பிறகும் இதே பேச்சுதான் நடந்தது. தண்ணீர் எங்கிருந்தோ திடீரென்று வந்துவிட்டது போலவும், அது வந்த இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போலவும் பேசினார்கள். அந்த விரிகுடா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அப்படிப் பேச மாட்டோம். அதனால் புவியியல் படிக்காதவருக்கும் விளங்கும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கழிமுகம் என்றால் என்ன?

ஆற்றின் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் கலக்கிற, சுற்றிலும் பெரும்பாலும் கரை சூழ்ந்த நீர்ப்பரப்புக்குக் கழிமுகம் என்று பெயர். விரிகுடா என்பது பொதுவான சொல். கடல் நிலத்துக்குள் வளைந்து வந்தால் போதும், அது விரிகுடாதான். ஆறு வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. டர்பன் விரிகுடாவில் ஆறுகள் வந்து சேர்கின்றன. உம்பிலோ, உம்லாத்துசானா, அமன்சிம்ன்யாமா என்று மூன்று சிறிய ஆறுகள். இன்றைக்கு அவை சிமெண்ட் கால்வாய்களுக்குள் அடக்கமாக வந்து விழுவதால் பலருக்கு அவை ஆறுகள் என்றே தெரிவதில்லை.

நம் ஆட்களில் பாதிப் பேர் உம்கேனி ஆறுதான் ஹார்பரில் கலக்கிறது என்று நினைக்கிறார்கள். உம்கேனி வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, தனியாகக் கடலில் சேர்கிறது. ஆனால் இந்தத் தவறான நினைப்புக்குள் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடத்தின் அமைப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள். மேற்கே பிரியா மேடு. தெற்கிலும் கிழக்கிலும் கடலை மறைத்துக்கொண்டு நீளமாகக் கிடக்கும் பிளஃப் குன்று. வடகிழக்கே பாயிண்ட் என்கிற மணல் நாக்கு. பிளஃபின் நுனிக்கும் பாயிண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு குறுகிய வாசல், அதுதான் முகத்துவாரம். உள்ளே அகலம், வாசல் மட்டும் ஒடுக்கம். இந்த அமைப்பை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை.

எப்படி உண்டானது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்தின் தண்ணீரில் பெரும்பங்கு பனிப்பாறையாக உறைந்து கிடந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. கடற்கரை வெகுதூரம் வெளியே இருந்தது. ஆறுகள் அந்தத் தாழ்ந்த கடலைத் தேடிப் போகும்போது நிலத்தை ஆழமாக அறுத்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பிறகு பனி உருகியது. கடல் ஏறி ஏறி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்குப் பக்கத்தில் வந்து, அந்தப் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தது. பிளஃப் என்பது அதற்கும் முந்தைய காலத்துக் காற்று குவித்த மணல்மேடு, நாளடைவில் இறுகிக் கல்லானது. அதனால்தான் அலை அதை அரித்துவிட முடியாமல் இன்னும் சுவர்போல நிற்கிறது.

ஆக, ஆறு அறுத்த பள்ளத்தில் கடல் ஏறி, பழைய மணல்மேடு ஒன்று காவல் நிற்கிற இடம்தான் டர்பன் விரிகுடா. பொறியாளர்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே இருந்தது.

மணல் ஏன் வாசலில் வந்து நிற்கிறது?

இந்த ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முற்றத்தில் மண் படிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் அடித்து ஊற்றினால் மண் வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விடும். அதே வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால் மண் இரண்டடி நகர்ந்து அங்கேயே படிந்துவிடும். தண்ணீர் அதேதான், மண்ணும் அதேதான், வேகம்தான் வேறு. வேகமான தண்ணீர் மணலைச் சுமக்கும், மெதுவான தண்ணீர் இறக்கி வைக்கும். கழிமுகங்களின் கதை பெரும்பாலும் இவ்வளவுதான்.

டர்பன் வாசலில் இரண்டு சக்திகள் மோதுகின்றன. ஒன்று கடல் ஏறுவதும் இறங்குவதும், அதாவது ஓதம். நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் டர்பனில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 2 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். நடுவில் வரும் எட்டாம் பிறை நாள்களில் வித்தியாசம் மிகவும் குறைவு. ஏற்றத்தில் உள்ளே வந்த அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் அந்தக் குறுகிய வாசல் வழியே திரும்பி வெளியே போகவேண்டும். அப்படிப் போகும்போது வேகம் கூடுகிறது, வாசலில் கிடக்கிற மணலை அடித்துத் தள்ளுகிறது. இப்படி ஒரு முறை உள்ளே வந்து வெளியே போகிற தண்ணீரின் மொத்தத்துக்கு ஓதக் கொள்ளளவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். உள்ளே பரப்பு எவ்வளவு பெரிதோ, அந்தக் கொள்ளளவும் அவ்வளவு பெரிது, வாசலைக் கழுவுகிற பலமும் அவ்வளவு.

இன்னொன்று, கரையோர மணலோட்டம். தெற்கிலிருந்து வரும் அலைகள் கரையில் சாய்வாக விழும். ஒவ்வோர் அலையும் மணலைக் கொஞ்சம் வடக்கே தள்ளிவிட்டுப் பின்வாங்கும். பகலும் இரவும் இதே வேலை. இப்படி டர்பன் கரையை ஒட்டி ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அகுலாஸ் நீரோட்டம்தான் மணலைக் கொண்டுபோகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அகுலாஸ் ஆழ்கடலில் ஓடுகிறது, அதுவும் தென்மேற்கு நோக்கி. கரை மணல் வடக்கே போவது அலையின் வேலை.

அந்த மணல் பிளஃபைச் சுற்றிக்கொண்டு வந்து, முகத்துவாரத்துக்கு எதிரே தண்ணீர் வேகம் குறைகிற இடத்தில் படியும். மணல் திட்டு என்பது இதுதான். 19ஆம் நூற்றாண்டு முழுக்க டர்பன்காரர்களைப் படாத பாடு படுத்தியது இந்தத் திட்டுதான். கடல் இறங்கும்போது அதன்மேல் ஓர் ஆள் உயரத் தண்ணீர்கூட நிற்காத நாள்கள் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலுக்கு 342 பேரோடு வந்த ட்ரூரோ கப்பல் நேராக உள்ளே வந்து நிற்கவில்லை. அந்தக் காலத்துப் பெரிய கப்பல்கள் எல்லாம் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், ஆட்களைச் சிறு படகுகளில் ஏற்றித் திட்டைத் தாண்டிப் பாயிண்டில் இறக்குவார்கள். பின்னாளில் பயணிகளைப் பெரிய பிரம்புக் கூடைக்குள் நிற்கவைத்துக் கப்பலிலிருந்து படகுக்கு இறக்கிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடைக்கும் காரணம் இந்த மணல்தான்.

பொறியாளர்கள் என்னதான் செய்தார்கள்?

வெட்டவில்லை என்றேன், ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. 1850களிலிருந்தே வாசலின் இரண்டு பக்கமும் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வாசலை ஒடுக்கினால் தண்ணீர் வேகமாக ஓடும், வேகமாக ஓடினால் மணலை அதுவே அள்ளிக்கொண்டு போகும் என்பது கணக்கு. வாளித் தண்ணீர் கணக்கேதான். கணக்கு தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதவில்லை. அப்புறம் தூர்வாரும் கப்பல்களை இறக்கி, ஆண்டுக்கணக்கில் மணலை உறிஞ்சி எடுத்தார்கள். 1904 ஜூனில் ஆர்மடேல் காசில் என்ற பெரிய தபால் கப்பல் திட்டைத் தாண்டி உள்ளே வந்தபோதுதான் ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. அண்மையில், 2007 முதல் 2010 வரை, சுமார் 120 மீட்டராக இருந்த வாசலை 220 மீட்டருக்கு மேல் அகலமாக்கினார்கள், இன்றைய கண்டெய்னர் கப்பல்களுக்காக.

இந்த வேலைகளுக்கு ஒரு விலை இருந்தது. தெற்குச் சுவர் நீளமாகக் கடலுக்குள் நின்றதும் வடக்கே போகவேண்டிய மணல் சுவரின் தெற்கே தங்கிவிட்டது. வடக்கே இருக்கிற டர்பன் கடற்கரைக்கு மணல் வரத்து நின்றது, ஆனால் அலை அரிப்பது நிற்கவில்லை. கரை தேயத் தொடங்கியது. இன்று சுவருக்குப் பக்கத்தில் தேங்குகிற மணலைத் தூர்வாரி எடுத்து, குழாய் வழியே வடக்குக் கடற்கரைகளுக்கு அனுப்புகிறார்கள். அலை இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது பம்புகள் செய்கின்றன. பம்பு நின்றால் கரை குறுகிவிடும். பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் நாம் குடும்பத்தோடு போய் உட்காருகிற மணலில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சுருக்கமாக: ஓதம் வாசலைத் திறந்து வைக்கப் பார்க்கிறது, மணலோட்டம் அடைக்கப் பார்க்கிறது. மனிதர் அதில் ஒரு பக்கத்துக்குக் கை கொடுத்தால் மணல் மறையாது, வேறு இடத்துக்கு மாறும், அல்லது வேறு ஓர் இடத்துக்கு வராமல் போகும்.

சேறு வீண் நிலமா?

கடல் இறங்கியிருக்கும்போது விரிகுடாவின் நடுவில் பெரிய மணல் சேற்றுப் பரப்பு வெளியே தெரியும். முன்பு இதைப்போல் பல மடங்கு இருந்தது. துறைமுகம் வளர வளர, மேடன் வார்ஃப் பக்கமும் பேஹெட் பக்கமும் தூர்வாரிய மணலையே கொட்டிச் சேற்றை மூடித் தரையாக்கினார்கள். உபயோகம் இல்லாத சேறுதானே என்ற நினைப்பு. அது எனக்குத் தாங்கமுடியாத ஒரு பேச்சு.

ஒருமுறை கடல் இறங்கிய நேரத்தில் ஒரு பெரியவரோடு அந்தச் சேற்றை ஒட்டி நடந்தேன், அவர் சிறுவயதில் அப்பாவோடு வலை இழுத்தவர். "குனிஞ்சு பாரு தம்பி" என்றார். காலடியில் எழுதுகோல் புகும் அளவுக்குச் சிறு சிறு ஓட்டைகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் மணல் இறால் உட்கார்ந்திருக்கிறது, தூண்டில்காரர்கள் கையால் இழுக்கும் பம்பை வைத்து இரைக்காக உறிஞ்சி எடுப்பது இதைத்தான். ஒரு ஓட்டையின் வாசலில் நீர் குமிழியிட்டு, கொஞ்சம் சேற்றைத் துப்பியது. கொக்கும் உள்ளானும் அந்த ஓட்டைகளைத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அலை இல்லாத, ஆழம் குறைந்த, இரை நிறைந்த இந்த இடத்தில்தான் மடவை போன்ற மீன்களின் குஞ்சுகள் வந்து வளர்ந்து பிறகு கடலுக்குப் போகின்றன. சேற்றை மூடினால் கடலில் மீன் குறையும் என்று அந்தப் பெரியவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

சேற்றை மூடினால் இன்னொன்றும் நடக்கும். உள்ளே தண்ணீர் நிற்கிற இடம் குறையும், ஓதக் கொள்ளளவு குறையும், வாசலைக் கழுவுகிற பலமும் குறையும். அந்தக் குறையைத் தூர்வாரித்தான் ஈடுகட்டவேண்டும்.

சேற்றின் விளிம்பில் அலையாத்திக் காடு இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்றபடி, மூச்சுவிட வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிற மரங்கள். பிச்சாவரத்தில் நிற்கிற அதே வெண்கண்டலும் சுரபுன்னையும்தான் டர்பனிலும். நூற்றுக்கணக்கான ஹெக்டேர் இருந்த காடு இன்று பேஹெட் பக்கம் சில பத்து ஏக்கராக எஞ்சியிருக்கிறது.

சாலிஸ்பரித் தீவும் அப்படியொரு அலையாத்தித் தீவாக இருந்ததுதான். ஒப்பந்தக்காலம் முடிந்த நம் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு, கரைவலை இழுத்து, மீனை உப்பிட்டுக் கருவாடாக்கி விற்றார்கள். பிறகு அவர்கள் எதிர்க்கரையில் ஃபின்லேண்ட்ஸ் பக்கம் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தீவைக் கடற்படைத் தளமாக்கி பிளஃபோடு இணைத்தார்கள், அதோடு அது தீவாக இருப்பது முடிந்தது. 1961ல் அந்தப் பழைய கடற்படைக் கட்டடங்களில்தான் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரியை இனஒதுக்கல் அரசு திறந்தது. வெஸ்ட்வில் வளாகம் தயாராகும்வரை, நம் வீடுகளில் முதல் பட்டதாரி ஆனவர்களில் பலர் படகில் ஏறி விரிகுடாவைக் கடந்து அங்கே போய்ப் படித்தவர்கள்.

தண்ணீர் தன் பழைய வழியை மறக்காது

இப்போது உம்கேனிக்கு வருகிறேன். உம்கேனிக்கும் விரிகுடாவுக்கும் நடுவில், இன்றைய நகரமையத்துக்குப் பின்னால், தாழ்ந்த சதுப்பு நிலம் ஒன்று இருந்தது. கிழக்கு விளெய் என்று அதற்குப் பெயர். 1856 வெள்ளத்தில் உம்கேனி கரையுடைத்து இந்தச் சதுப்பு வழியே ஓடி விரிகுடாவிலேயே வந்து விழுந்தது. ஆக, உம்கேனி ஹார்பரில் கலக்கிறது என்பவர்கள் சொல்வது வெள்ளக் காலத்தில் ஒருமுறை உண்மையாகியிருக்கிறது. ஆற்றின் இரு பக்கமும் உள்ள, சாதாரண நாளில் காய்ந்து கிடந்து வெள்ளத்தில் மட்டும் மூழ்குகிற இப்படிப்பட்ட தாழ்நிலத்துக்கு வெள்ளச் சமவெளி என்று பெயர்.

உயரமான பிரியா மேட்டில் வசதியானவர்கள் வீடு கட்டினார்கள். தாழ்நிலம் யாருக்கு வந்தது? மாநகராட்சியின் தமிழ், தெலுங்குத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழ்ந்த மாகசின் பாரக்ஸ் அந்தச் சதுப்புப் பக்கம்தான். காய்கறித் தோட்டக்காரர்கள் விரிகுடாவின் தலைப்பகுதியில் கிளேர்வுட் சமவெளியிலும், உம்கேனிக் கரையில் ஸ்பிரிங்ஃபீல்டிலும் குடியேறினார்கள். வண்டல் மண், கீரைக்கும் மிளகாய்க்கும் அருமையான மண். அந்த வண்டலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

உம்பிலோ ஆற்றங்கரையில் நம்மவர்கள் கட்டிய அம்பலவாணர் கோவிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, பிறகு மேட்டுப் பக்கம் கேட்டோ மேனரில் திரும்பக் கட்டினார்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஏறியபோது ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டக் குடிசைகள் இரவோடு இரவாகப் போயின, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கரைவலை மீனவர்கள் ஆறு பேர் அந்த வெள்ளத்தில் படகை இறக்கி, திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். படவட்டான் அறுவர் என்று இன்றும் டர்பனில் அவர்களைச் சொல்கிறார்கள்.

எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து 1950ல் வந்த குழுப் பகுதிச் சட்டத்துக்குப் பிறகு, இந்த இடங்களிலிருந்து பல்லாயிரம் குடும்பங்களைக் கிளப்பி 1960களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அதனால் விரிகுடாவுக்கும் நமக்கும் இனி ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் சாட்ஸ்வொர்த்தில் நிறைய. வரைபடத்தைப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்தின் வடக்கு எல்லையில் ஓடுவது உம்லாத்துசானா. அந்தச் சரிவுகளில் தெருவோரம் விட்ட பால் பாக்கெட்டும் குளிர்பானப் புட்டியும் மழையில் ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போய், கால்வாய் வழியே ஹார்பரில் மிதக்கின்றன. கப்பல்காரர்களுக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் மழைக்கு மறுநாள் நீங்கள் காட்டுகிற படத்தில் மிதப்பது பெரும்பாலும் மலைச்சரிவிலிருந்து வந்தது. ஓர் ஆற்றுக்குள் வடிகிற நிலப்பரப்பு முழுவதும் அதன் வடிநிலம். நம் சமையலறைத் தொட்டியும் அதில் அடக்கம்.

2022 ஏப்ரலில் பேஹெட் சாலை உடைந்து, கண்டெய்னர்கள் தீப்பெட்டிகளாக அடித்துச் செல்லப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தச் சாலை போவது மூடப்பட்ட சேற்றின்மேல், ஆறுகள் விரிகுடாவைச் சேர்கிற அதே இடத்தில்.

இசிபிங்கோவில் நடந்ததைப் பாருங்கள்

இதுவரை சொன்ன இயக்கமெல்லாம் நிஜமா என்று சந்தேகம் இருந்தால் தெற்கே இசிபிங்கோவுக்குப் போங்கள். சித்திரை மாதம் ஒட்டி, ஈஸ்டர் விடுமுறையில், மாரியம்மன் கோவிலுக்கு ஆயிரக்கணக்கில் போகிறோமே, அதே ஊர்தான். அங்கேயும் ஒரு கழிமுகம் உண்டு. முன்பு உம்லாஸ் ஆறும் அதில்தான் வந்து சேரும். 1950களின் தொடக்கத்தில் அந்த ஆற்றைச் சிமெண்ட் கால்வாயில் திருப்பி நேராகக் கடலுக்கு விட்டுவிட்டார்கள், காலியான சமவெளியில் பிறகு பிராஸ்பெக்டன் தொழிற்பேட்டை எழுந்தது.

பெரிய ஆறு போனதும் இசிபிங்கோவின் முகத்துவாரத்தைக் கழுவ ஆள் இல்லை. சிறிய ஆற்றின் தண்ணீருக்கு மணலைத் தள்ளுகிற வேகம் கிடையாது. மணலோட்டமோ வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. வாசல் அடிக்கடி அடைத்துக்கொண்டது, உள்ளே தண்ணீர் தேங்கியது, ஓதம் வந்துபோகாத நாள்களில் அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்கள் மூழ்கிக் கிடந்தன. டர்பனில் வாசலைத் திறந்து வைக்கக் கோடிக்கணக்கில் செலவு செய்யக் கப்பல் வருமானம் இருக்கிறது. இசிபிங்கோவுக்கு அது இல்லை. 2022 வெள்ளத்தில் பிராஸ்பெக்டன் முழுக்க மூழ்கியது, அங்கே உள்ள டொயோட்டா தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. தண்ணீர் ஏறிய நிலம் உம்லாஸ் ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளி.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில் கிளம்புங்கள். அன்றைய ஓத அட்டவணையைச் செய்தித்தாளிலோ கைபேசியிலோ பார்த்து, கடல் இறங்கி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இசிபிங்கோ முகத்துவாரத்தில் இருங்கள், தனியாகப் போகவேண்டாம். வாசல் திறந்திருந்தால் தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு ஓடுவது காலடியிலேயே தெரியும். அடைத்திருந்தால் மணல் மேட்டின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அசையாத பச்சைத் தண்ணீர். அதே நாளில் டர்பனுக்கு வந்து வாசல் சுவர்களின் பக்கம் நின்று, வெளியேறுகிற தண்ணீரின் வேகத்தையும் பார்த்துவிடுங்கள்.